ஒன்பதாம் பாயின்ட்

6

சங்குமுனை போலீஸ் ஸ்டேஷன் வாசலில் சப்-இன்ஸ்பெக்டர் தர்மராஜ் இரண்டு இடத்தில் நின்றுகொண்டிருந்தார். ஒன்று, படிக்கட்டில், தொப்பியில்லாமல், பல் குத்திக்கொண்டு. இன்னொன்று, பக்கத்திலேயே கட்டியிருந்த பன்னிரண்டடி ஃப்ளெக்ஸில், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, தலைக்குப் பின்னால் ஒரு கழுகு பறக்க.

ஆட்டோவை நிறுத்திய கூத்தையா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தாயி, ஃப்ளெக்ஸுல இருக்கறவருகிட்டயே பேசிருவமா? அவரு கொஞ்சம் விவரமானவரா தெரியுறாரு."

"வாய மூடிட்டு வாங்கண்ணே," என்றாள் லத்தீபா.

கூத்தையா வாயை மூடினால் சொந்த ஊரான அபிராமத்தில் அவரை யாருக்கும் அடையாளம் தெரியாது. ஐம்பத்திரண்டு வயது. ஆட்டோ அவருடையது, வாய் அதைவிடப் பெரியது. நாலு வருஷமாக லத்தீபாவுக்கு டிரைவர், உதவியாளர், சில நாள் சாப்பாட்டுக்குத் துணை. லத்தீபா பதினோரு வருஷம் இந்த மாவட்டத்தில் ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் போய் எஃப்.ஐ.ஆர். டைப் அடித்துக் கொடுத்த ஒப்பந்த ஆபரேட்டர். போன வருஷம் ஒப்பந்தம் முடிந்த அன்றைக்கு ஒரு காப்பி கூட வாங்கிக் கொடுக்காமல் அனுப்பிவிட்டார்கள். இப்போது ராமநாதபுரத்தில் ஒரு மாடியறையில் சொந்தமாக விசாரணை நிலையம் நடத்துகிறாள். சவூதி மாப்பிள்ளைக்கு அங்கே நிஜமாகவே வேலை இருக்கிறதா, ஏற்கெனவே ஒரு நிக்காஹ் ஆகியிருக்கிறதா என்று பெண் வீட்டாருக்குத் துப்புத் துலக்கிச் சொல்வதுதான் பிழைப்பு. திருட்டுக் கேஸ் அவளுக்கு அபூர்வம்.

இந்தக் கேஸைக் கொண்டுவந்தவள் வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள். பிரெசில்லா. அவளுடைய புருஷன் இன்னாசி நேற்றுச் சாயந்தரத்திலிருந்து உள்ளே இருக்கிறான். நேற்றுக் காலை பதினொன்று நாற்பதுக்கு, பிரடெரிக் என்கிற விசைப்படகு முதலாளி கரையில் நிறுத்தியிருந்த பைபர் வள்ளத்திலிருந்து என்ஜினைக் கழற்றிக்கொண்டு போய்விட்டானாம்.

"நாளைக்கு விடியக்காலம் திருச்சியில பிளைட்டுக்கா," என்றாள் பிரெசில்லா. அழுது அழுது குரல் கம்மியிருந்தது. "பஹ்ரைன்ல மீன்பிடிப் போட்டுல வேலை. முன்ன அஜீஸ் பாய் போட்டுல டிரைவரா இருந்தாரு. அது போனதுக்கப்புறம் பிரடெரிக் அண்ணாச்சிகிட்ட ஆறு மாசம் ஓட்டுனாரு. விசா வந்துருச்சு, நின்னுக்கிறேன்னு சொன்னாரு. அன்னைல இருந்து அண்ணாச்சிக்கு மூஞ்சியே சரியில்ல."

"நேத்துப் பதினொன்னு நாப்பதுக்கு இன்னாசி எங்கன இருந்தாரு?"

"வீட்டுலதான். பெட்டி கட்டிக்கிட்டு இருந்தோம். அதச் சொன்னா, பொண்டாட்டி சாட்சி செல்லாதுங்குறாக. பாஸ்போர்ட்டையும் பிடுங்கி வச்சுக்கிட்டாக."

லத்தீபா அவளுடைய தோளைத் தொட்டாள். "கேஸு கம்ப்யூட்டர்ல ஏறிருச்சா?"

"சர்வர் வேல செய்யலன்னு காலையில இருந்து சொல்லிக்கிட்டு இருக்காக."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றாள் லத்தீபா.

கூத்தையாவுக்கு விஷயம் புரிந்தது. ஸ்டேஷன் கம்ப்யூட்டரில் ஒரு எஃப்.ஐ.ஆர். ஏறிவிட்டால் ஏறியதுதான். அதற்கப்புறம் எஸ்.ஐ.யே நினைத்தாலும் அழிக்க முடியாது. பெயர் ஏறிய ஆளை விமான நிலையத்தில் பெட்டியோடு திருப்பி அனுப்புவார்கள். சர்வர் படுத்துக் கிடக்கும் வரைதான் இன்னாசிக்குப் பஹ்ரைன். கவர்மென்ட் சர்வரை நம்பி ஒரு குடும்பம் நிற்பதைக் கூத்தையா தன் ஆயுளில் முதல் தடவையாகப் பார்த்தார்.

தர்மராஜ் அவர்களை உள்ளே உட்காரவைத்து மோர் கொடுத்தார். ஐந்து மாதத்துக்கு முன்னால் மாற்றலாகி வந்தவர். கடலைப் பார்த்தால் இன்னும் அவருக்குக் குமட்டும் என்று ஊரில் பேச்சு.

"மனுசன் பொய் சொல்லுவாம்மா. சிஸ்டம் சொல்லாது," என்று ஆரம்பித்தார். "எங்க 'ரோந்துத் தோழன்' ஆப் பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்க. ஊர் பூரா பதினாலு இடத்துல க்யூ.ஆர். ஸ்டிக்கர். பீட் கான்ஸ்டபிள் தினம் நாலு தடவை அங்கங்க நேர்ல போய் போன வச்சு ஸ்கேன் பண்ணணும். பண்ணின நிமிஷம் பதிவாயிரும். ஏமாத்தவே முடியாது. இந்த ஸ்டேஷன் நூத்துக்கு நூறு. மாவட்டத்துல முதல் பரிசு. நாளைக்கு மேலிடத்துல இருந்து வந்து கேடயம் குடுக்குறாங்க."

"நாளைக்குக் கேடயம், இன்னைக்கே ஃப்ளெக்ஸா சார்?" என்றார் கூத்தையா பவ்யமாக.

"அது பொதுமக்கள் அன்பா வச்சது." தர்மராஜ் ஒரு தாளை நீட்டினார். "பாருங்க. நேத்து, பத்தாம் தேதி, செவ்வாக்கிழமை, பதினொன்னு நாப்பது. பாயின்ட் ஒன்பது, கடற்கரை. எங்க கான்ஸ்டபிள் கோட்டைச்சாமி ஸ்கேன் பண்ணிட்டுத் திரும்புறாரு. எதிர்ல இன்னாசி, தோள்ல என்ஜின். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

"என்ஜின் கிடைச்சிருச்சா சார்?"

"கிடைக்கும்," என்றார் தர்மராஜ். திருடுபோன பொருளைப் பற்றி இவ்வளவு நிம்மதியாகப் பேசும் போலீஸைக் கூத்தையா பார்த்ததில்லை.

மூலையில் கம்ப்யூட்டர் முன்னால் ஸ்டேஷன் ரைட்டர் நாகலெட்சுமி உட்கார்ந்திருந்தாள். தலைமைக் காவலர். எஃப்.ஐ.ஆர். அடிக்க அவளுக்கு லத்தீபாதான் ஒரு காலத்தில் சொல்லிக்கொடுத்தாள். இப்போது தலை நிமிராமல் விசைப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். லத்தீபா பக்கத்தில் போனாள்.

"எப்படி இருக்கே நாகு?"

"இருக்கேன்க்கா. இந்த ஸ்டேஷன்ல எவன் எதச் சொன்னாலும் என் ஐ.டி.லதான் ஏறுது." அவ்வளவுதான் சொன்னாள். பிறகு, யாரும் கேட்காமலேயே, "நாலு மணிக்குள்ள சர்வர் வந்துருமாம்," என்றாள்.

மணி ஒன்றரை.

வெளியே வந்ததும் கூத்தையா போனை எடுத்து ஃப்ளெக்ஸைப் படம் பிடித்தார். 'ரோந்துத் தோழன் செயலி மூலம் கடற்கரை என்ஜின் திருட்டை மின்னல் வேகத்தில் கண்டுபிடித்த காவல் சிங்கத்தை வாழ்த்தி வணங்கும்' என்று போட்டு, அதன் கீழே பிரடெரிக், விசைப்படகு உரிமையாளர் என்று ஒரு கும்பிடு.

"எதுக்குண்ணே போட்டோ?"

"எங்க ஊர்ல ஒரு மாட்டுக்குக் கண்ணேறு பட்டிருச்சு. கொட்டத்துல மாட்டி வைக்கலாம்னு."

* * *

லத்தீபா ஸ்கிரீனை நம்பமாட்டாள். "ஸ்கிரீன்ல இருக்கறது பூராவும் எவனோ ஒருத்தன் சாப்பாட்டுக்குப் போற அவசரத்துல அடிச்சதுண்ணே. அடிச்சவளே நான்தானே," என்பாள். அதனால் பதினாலு ஸ்டிக்கரையும் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை என்று கிளம்பினாள். மார்ச் மாத வெயில். கூத்தையாவுக்கு வயிறு கத்தியது. அதை அவரும் வாய்விட்டுச் சொன்னார், யாரும் காதில் வாங்கவில்லை.

ரேஷன் கடைச் சுவரில் இரண்டாம் நம்பர். உப்புக்காற்றிலும் வெயிலிலும் மை முழுதும் போய், வெள்ளைத் தாள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. கூத்தையா தன் போனை அதன் மேல் காட்டினார். ஒன்றும் வரவில்லை. ரேஷன் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "அதுல ஒண்ணும் தெரியாதுங்க. தீபாவளிக்கே வெளுத்துப்போச்சு," என்றார்.

"நேத்துக் காலையில பதினொன்னு அஞ்சுக்கு இத ஸ்கேன் பண்ணியிருக்காக," என்றாள் லத்தீபா தாளைப் பார்த்து.

"அப்ப கோட்டைச்சாமிக்கு ஞானக்கண் இருக்கு," என்றார் கூத்தையா.

மாதா கோவில் சுவரில் மூன்றாம் நம்பர். திருவிழாவுக்கு வெள்ளையடித்தபோது ஸ்டிக்கர் மேலேயும் சேர்த்து அடித்துவிட்டார்கள். விரலால் தடவினால் சுண்ணாம்புக்கு அடியில் லேசாக ஓரம் தட்டுப்பட்டது. ஐந்தாம் நம்பர் பஸ் ஸ்டாப்பில் இருக்க வேண்டும். பஸ் ஸ்டாப்பே இல்லை. ரோடு அகலம் பண்ணுகிறோம் என்று பொங்கல் சமயத்தில் இடித்துத் தள்ளிவிட்டார்களாம். அந்த இடத்தில் ஓர் ஆடு நின்றிருந்தது.

"இந்த ஆட்டையா ஸ்கேன் பண்ணுறாக?" கூத்தையா வாய்விட்டுச் சிரித்தார். "போதும் தாயி! பூராவும் களவாணித்தனம். பதினாலு ஸ்டிக்கரையும் என்னைக்கோ போட்டோ எடுத்து ஒரு அட்டையில ஒட்டி வச்சுக்கிட்டு, ஃபேனுக்குக் கீழ உக்காந்து டிக்கு டிக்குன்னு அடிக்கிறானுக. வாங்க, போய் மூஞ்சில வீசுவோம்."

"ஆப்புல ஆளு நிக்கிற இடத்தச் சரிபார்க்கிற வசதி இருந்துச்சுண்ணே. இந்தக் கரையில போனு அக்கரை டவரப் பிடிச்சுக்கிட்டு இலங்கைக்கு நல்வரவுங்குது, கணக்குத் தப்பா வருதுன்னு சொல்லி, அத நிப்பாட்ட மனு போட்டு வாங்குனாக. அந்த மனுவ அடிச்சுக் குடுத்ததே நான்தான்."

"நல்ல காரியம் பண்ணுனீக."

"அதான் அலையிறேன்." அவளுடைய முகத்தில் சிரிப்பில்லை. "இது போதாது. ரெண்டாம் நம்பர் வெளுத்திருந்தா, அஞ்சாம் நம்பர் இடிஞ்சிருந்தா, அதுக்கு அவரு ஒரு மெமோ வாங்கிட்டுப் போயிருவாரு. இன்னாசியப் பார்த்ததா சொன்னது ஒன்பதுல. ஒன்பதாவது இருக்குன்னு வைங்க, கோட்டைச்சாமி அங்கன நிக்கலன்னு நம்மளால சொல்ல முடியாது. ஒன்பதப் பார்க்கணும்."

கரையில் வெயிலுக்குக் கண் கூசியது. நாலைந்து வள்ளங்கள், காய்ந்துகொண்டிருந்த வலைகள், வலையில் சிக்கிய நண்டுகளைக் கழித்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள். சுவரும் இல்லை, கம்பமும் இல்லை. ஸ்டிக்கர் ஒட்டுவதற்கு மணலைத் தவிர வேறெதுவும் இல்லை. வள்ளம் வள்ளமாகச் சுற்றிவந்தார் கூத்தையா. அடிப்பக்கம் வரைக்கும் குனிந்து பார்த்ததில் முதுகு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

"ஒம்பதாம் நம்பரா?" நண்டு கழித்த ஒருத்தி பக்கத்திலிருந்தவளைப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒரு தினுசாகச் சிரித்துக்கொண்டார்கள். "அத அஜீஸ் பாய்கிட்ட கேளுங்க."

கொஞ்சம் தள்ளி ஓலைக் கொட்டகையில் ஒரு பெரியவர் அடுத்தவன் வலைக்குப் பொத்தல் அடைத்துக்கொண்டிருந்தார். அப்துல் அஜீஸ். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பை நிறையத் தாள்கள். லத்தீபா அவர் முன்னால் போய் மணலில் உட்கார்ந்தாள். கூத்தையாவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை, டீக்கடையைத் தேடிப் போனார். இரண்டாவது வடையைக் கடிக்கும்போது திரும்பிப் பார்த்தார். லத்தீபா சிரித்துக்கொண்டிருந்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. நாலு வருஷத்தில் அவர் பார்க்காத சிரிப்பு. பெரியவர் மட்டும் சிரிக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைக் கவனித்ததும் அவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

கூத்தையா டீயை முடித்து வருவதற்குள் இருவரும் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். பிளாஸ்டிக் பையும் கூடவே.

"ஒன்பது இருக்கா, இல்லையா?" என்றார் கூத்தையா.

"இருக்கு," என்றாள் லத்தீபா. "ரொம்ப பத்திரமா இருக்கு. வண்டிய எடுங்க, மணி மூணரை."

"எங்கன இருக்கு?"

"சொன்னா வண்டிய ஒழுங்கா ஓட்டமாட்டீக."

* * *

ஸ்டேஷனுக்குள் நுழைந்தபோது நாகலெட்சுமியின் ஸ்கிரீனில் வெளிச்சம் வந்திருந்தது. பத்து நிமிஷம் முந்தி சர்வர் உயிர்த்தெழுந்துவிட்டது. அவள் எஃப்.ஐ.ஆர். அடித்துக்கொண்டிருந்தாள். எதிரியின் பெயர், தகப்பனார் பெயர், முகவரி எல்லாம் ஏறியாகிவிட்டது. தட்ட வேண்டியது ஒரே ஒரு விசை. வாசலில் நின்ற பிரெசில்லா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியும், படித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"ஒரு நிமிஷம் சார்," என்றாள் லத்தீபா. "கோட்டைச்சாமி தம்பியப் பார்த்து இரண்டு வார்த்தை கேட்டுட்டா, நானும் திருப்தியாப் போயிருவேன்."

தர்மராஜ் பெருந்தன்மையாகத் தலையசைத்தார். கோட்டைச்சாமி வந்தார். நல்ல உடம்பு, நடந்து இளைத்த உடம்பாக இல்லை.

"தம்பி, ஒன்பதாம் நம்பர் ஸ்டிக்கர் எதுல ஒட்டியிருக்கு?"

கோட்டைச்சாமியின் கண் ஒரு நொடி கதவுக்குப் பின்னால் போய்வந்தது. "ஒரு போட்டுல மேடம். நீல பெயிண்ட்."

"நேத்து அந்தப் போட்டுப் பக்கத்துல நின்னுதான் ஸ்கேன் பண்ணுனீங்களா?"

"ஆமா மேடம்."

"கைக்கு எட்டுற தூரத்துல?"

"ஒரு முழம்."

"வாக்குமூலமே எழுதிக் குடுத்திருக்கார்," என்றார் தர்மராஜ். "போட்டு நிறம் முதற்கொண்டு இருக்கு."

அதுவரை கதவோரம் நின்றிருந்த அப்துல் அஜீஸ் விடுவிடுவென்று முன்னால் வந்தார். கோட்டைச்சாமியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நேத்துப் பார்த்தியா? என் போட்ட நேத்து நேர்ல பார்த்தியா? எப்படி இருக்கு? மழைத்தண்ணி எறங்கி என்ஜின் ரூமு முங்கியிருக்கா? பலகை உளுத்துருச்சா? எட்டு மாசமாச்சு தம்பி நான் பார்த்து. சொல்லு தம்பி!"

கோட்டைச்சாமி விழித்தார். தர்மராஜ் விழித்தார். கூத்தையாவும் விழித்தார், ஆனால் அவருக்கு முதலில் விளங்கிவிட்டது. தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அஜீஸ் காக்காவோட போட்டு," என்றாள் லத்தீபா மெதுவாக. "போன மே மாசம், மீன்பிடித் தடைக்காலத்துல, பெயிண்ட் அடிக்கக் கரையில ஏத்தி வச்சிருந்தாக. அப்பதான் உங்க ஸ்டிக்கர் வந்துச்சு. ஒட்ட வந்தவரு வடக்க எங்கிட்டோ வறண்ட காட்டு ஊருக்காரர். கரையில சுவரு இல்ல. பெருசா, அசையாம ஒரு போட்டு நின்னுச்சு. டிரைவர் நிக்கிற வீல்ஹவுஸ் கதவுல ஒட்டிட்டாரு. ஜூன்ல தடை முடிஞ்சுது. போட்டு கடலுக்குப் போச்சு. ஜூலை இரண்டாம் தேதி எல்லை தாண்டுச்சுன்னு பிடிச்சு இலங்கையில ஒரு துறைமுகத்துல கட்டி வச்சிருக்காக. அன்னைக்கு அதுல டிரைவர் யாரு தெரியுமா சார்? இன்னாசி. ஆளுகள விட்டுட்டாக, போட்ட விடல."

பையிலிருந்து ஒரு பெரிய போட்டோவை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அக்கரை வக்கீல் கோர்ட்டுக்காக எடுத்து அனுப்பியது. படகு நம்பர் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று கிட்டப் போய் எடுத்திருந்தார். நம்பருக்குப் பக்கத்திலேயே, கூரை நிழலில் மை போகாமல், சங்குமுனை காவல் நிலையம், பாயின்ட் 9.

லத்தீபா கோட்டைச்சாமியிடம் கை நீட்டினாள். அவர் ஏனென்று யோசிக்காமல் போனைக் கொடுத்துவிட்டார். அதைப் போட்டோவுக்கு நேரே பிடித்தாள். போன் மணியடித்தது. ஒரு பெண்குரல் இனிமையாகச் சொன்னது: "வணக்கம். பாயின்ட் ஒன்பதை வந்தடைந்தீர்கள். தங்கள் கடமைக்கு நன்றி."

லத்தீபா போனை மேஜைமேல் வைத்தாள்.

"தினம் நாலு தடவை, எட்டு மாசம்," என்றார் கூத்தையா. "தொள்ளாயிரம் தடவைக்கு மேல இலங்கைக்குப் போயிட்டு வந்திருக்கீங்க தம்பி. பாஸ்போர்ட் இல்லாம! பாஸ்போர்ட், விசா எல்லாம் வச்சிருக்கிற இன்னாசியப் போக விடாம புடிச்சு வச்சிருக்கீக." அவர் நடந்துபோய்க் கதவைச் சாத்தினார். கதவின் பின்பக்கம், காலண்டருக்குக் கீழே, பளபளவென்று லேமினேட் செய்த அட்டையில் பதினாலு கட்டங்கள் வரிசையாக இருந்தன.

தர்மராஜின் முகத்தில் வேர்வை பூத்தது. ஆனாலும் ஆள் உடனே சுதாரித்துக்கொண்டார். "சரி. கான்ஸ்டபிள் சோம்பேறி. அதுக்கு நான் நடவடிக்கை எடுக்கிறேன். அதுக்காகத் திருட்டு இல்லைன்னு ஆயிருமா? என்ஜின் காணோம்ல? புகார் இருக்குல்ல? சந்தேகத்தின் பேர்ல இன்னாசி மேலதான் போடுவேன். நாகலெட்சுமி, ஏத்தும்மா!"

நாகலெட்சுமியின் கை விசைக்கு மேலே அப்படியே நின்றது. லத்தீபா பையிலிருந்த தாள்களைப் புரட்டத் தொடங்கினாள். கூத்தையா, ஏதாவது சொல்லியாக வேண்டும், ஒரு நிமிஷமாவது இழுத்தடிக்க வேண்டும் என்று போனை எடுத்து அந்த ஃப்ளெக்ஸ் படத்தைத் தேடினார். கழுகைப் பற்றி நக்கலாக ஏதாவது சொல்லலாம் என்றுதான் நினைத்தார். கழுகைப் பெரிதாக்கினார். விரல் வழுக்கிப் படம் கீழ்மூலைக்குப் போய் நின்றது.

"சார்," என்றார் கூத்தையா. குரல் அவருக்கே வேறு மாதிரி கேட்டது. "திருட்டு நடந்தது எந்தக் கிழமை?"

"செவ்வா. நேத்து. எத்தனை தடவை சொல்றது?"

"பத்தாம் தேதி. அத மின்னல் வேகத்துல கண்டுபிடிச்சதுக்கு அண்ணாச்சி ஃப்ளெக்ஸ் வச்சிருக்காரு. இங்கன மூலையில எறும்பு எழுத்துல அச்சடிச்சவன் பேரு, போன் நம்பரு, அச்சடிச்ச தேதி எல்லாம் போட்டிருக்கான், நாணயமான ஆளு." போனைத் திருப்பிக் காட்டினார். "ஒன்பதாம் தேதி. திங்கக்கிழமை. உங்க மின்னலு திருட்டுக்கு ஒருநாள் முன்னாடியே அடிச்சிருச்சே சார்!"

லத்தீபா போனை வாங்கிப் பார்த்தாள். நிமிர்ந்தபோது அவளுடைய கண்ணில் கோபம் இருந்தது. "நாளைக்குக் கேடயம். அந்த விண்ணப்பத்துல ஒரு கட்டம் இருக்கும்ல சார், ஆப் மூலமா கண்டுபிடிச்ச குற்றங்கள் எத்தனைன்னு? உங்களுக்கு அங்கன சைபர். பிரடெரிக்குக்கு டிரைவர் கைய விட்டுப் போகக் கூடாது. உங்களுக்கு ஒரு கேஸு, அவருக்கு ஒரு டிரைவர். அதுக்கு ஒரு குடும்பத்த நடுத்தெருவுல நிறுத்திட்டீக."

"வாய அளந்து பேசு! என்ஜின் எங்கேன்னு உனக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியும்," என்றாள் நாகலெட்சுமி.

அவள் எழுந்திருக்கவில்லை, திரும்பக்கூட இல்லை. ஸ்கிரீனைப் பார்த்தபடியே சொன்னாள். "பின்னாடி ஜெனரேட்டர் ரூம்ல தார்ப்பாய்க்குக் கீழ இருக்கு. திங்கக்கிழமை சாயந்தரம் அஞ்சு இருபதுக்குப் பிரடெரிக் வண்டியில வந்து இறங்குச்சு. கேடயம் வாங்கினப்புறம் மீட்டதா கணக்குக் காட்டிக்கலாம்னு சார் சொன்னாரு."

"நாகலெட்சுமி!"

"எல்லாம் என் ஐ.டி.ல ஏறுது சார். நாளைக்குக் கேட்டா நான்தான் பதில் சொல்லணும். எனக்கும் புள்ளைங்க இருக்கு."

அவள் எஃப்.ஐ.ஆர். பக்கத்தை வரி வரியாக அழித்தாள். இன்னாசி, தகப்பனார் பெயர், முகவரி, எல்லாம் பின்னோக்கிப் போய் மறைந்தன. ஜன்னலில் நின்ற பிரெசில்லா சிலுவை போட்டுக்கொண்டாள். நாகலெட்சுமி அடுத்து ஸ்டேஷனின் பொது நாட்குறிப்புப் பக்கத்தைத் திறந்தாள். கிழமை, நேரம், யாருடைய வண்டி, எந்த அறை, யார் உத்தரவு என்று மளமளவென்று அடித்தாள். தர்மராஜ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு மேஜையைச் சுற்றி ஓடிவருவதற்குள் விசையைத் தட்டிவிட்டாள். 'வெற்றிகரமாகப் பதிவேற்றப்பட்டது' என்று பச்சை எழுத்து வந்தது.

"அழி அத!"

"ஏத்தினா அழிக்க முடியாது சார்," என்றாள் நாகலெட்சுமி. "சிஸ்டம் அப்படி."

அதற்கப்புறம் காரியங்கள் வேகமாக நடந்தன. லத்தீபா கேட்டது ஒன்றுதான், பாஸ்போர்ட். தர்மராஜ் மேஜை டிராயரைத் திறந்து அதை எடுத்து மேஜைமேல் போட்டார், கையில் கொடுக்கவில்லை. உள்ளேயிருந்து இன்னாசி வந்தான். சட்டைப் பொத்தான் இரண்டு இல்லை, கன்னம் வீங்கியிருந்தது. பிரெசில்லா அவனை வாசலிலேயே பிடித்துக்கொண்டு, ஊரே பார்க்கிறது என்று பார்க்காமல் ஓவென்று அழுதாள். கூத்தையா முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆட்டோவின் கண்ணாடியைத் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"ஏறுங்க இரண்டு பேரும்," என்றார். "வீட்டுல போய்ப் பெட்டிய எடுங்க. ராத்திரி ஒன்பது மணி பஸ்ஸ விட்டா நானே திருச்சி வரைக்கும் ஆட்டோ ஓட்ட வேண்டியிருக்கும். என் இடுப்பு தாங்காது."

இன்னாசி ஏறவில்லை. உள்ளே திரும்பிப் பார்த்தான். அப்துல் அஜீஸ் இன்னும் எஸ்.ஐ. மேஜைக்கு எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார். பிளாஸ்டிக் பையிலிருந்து மனுவின் நகலை எடுத்து, மடிப்பை நீவி, தர்மராஜின் முன்னால் வைத்தார். எட்டு மாதத்தில் எத்தனையாவது நகல் என்று அவருக்கே தெரியாது.

"சார், கோவிச்சுக்காதீக. ஒரு சின்ன உதவி," என்றார். கேலியாகச் சொல்கிறாரா, நிஜமாகவே கேட்கிறாரா என்று கூத்தையாவுக்குப் பிடிபடவில்லை. குரல் கெஞ்சலாகத்தான் இருந்தது. "நான் போகாத ஆபீஸ் இல்ல. யாராலயும் அங்கன போக முடியலங்குறாக. உங்க ஆளுக மட்டும்தான் தினம் நாலு தடவை போய் வாராக, கம்ப்யூட்டர்லயே இருக்கு. நாளைக்குப் போறப்ப ஒரு கயிறு எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. வரும்போது என் போட்டக் கட்டி இழுத்துட்டு வந்துரட்டும்."

மணி நாலு. மேஜைமேல் கிடந்த கோட்டைச்சாமியின் போன் அடித்தது. "ரோந்து நேரம். பாயின்ட் ஒன்று முதல் தொடங்கவும்," என்றது அந்த இனிமையான குரல். யாரும் அதை எடுக்கவில்லை.